இடையில் குடியிருந்தவள்

குவாபரா தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேஜையைப் பார்த்துக் குனிந்தபோதே ஜெனிஷாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீடும் இல்லை.

அந்த வீட்டுத் தரகு அலுவலகத்தின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இதில் ஒரு தேர்ச்சியே வந்திருந்தது. வீட்டுக்காரர் மறுத்தால், எதிரே ஆளே இல்லாத மேஜைக்குக் கும்பிடு மேல் கும்பிடாக விழும். சரி என்று சொன்னால் குவாபராவின் முதுகு நிமிரும். நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை. அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வைத்திருந்தாள்.

"இல்லீங்க, நல்லாவே பேசுவாங்க... ஆமாங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நம்ம நகோயாப் பொண்ணுதான்... நேபாளம்ங்க... ஓ, அப்படீங்களா. இல்லை இல்லை, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

"பெரியவருக்கு வயசாயிடுச்சு, புன் சான். இங்கிலீஷ் வராதாம். அதான் தயங்கறார்."

"எனக்கும்தான் வராது," என்றாள் ஜெனிஷா.

குவாபரா சிரித்துவிட்டான். சிரித்ததற்கும் சேர்த்து ஒரு தடவை குனிந்தான்.

ஜெனிஷா புன்னுக்குப் பத்தொன்பது வயது. நேபாளத்தின் பாக்லுங் மலையிலிருந்து சின்னப் பெண்ணாக அப்பாவுடன் ஜப்பானுக்கு வந்தவள். அப்பா தில்மான், கறி உணவகத்தில் சமையல்காரர். உணவகத்துக்கு மேலேயே முதலாளி கொடுத்த அறையில் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. மாலை நேரப் பள்ளியில் படித்து முடித்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். விசாவும் அவள் பெயரிலேயே மாறிவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி கடையை மூடினார். கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள். முட்டிவலியோடு இனி வேறு அடுப்படி தேட முடியாது என்று தில்மான், ஜெனிஷாவின் அம்மாவும் தம்பியும் இருக்கும் ஊருக்கே கிளம்பிவிட்டார்.

மகளுக்கு அவர் சொன்னது இரண்டே வார்த்தை. "வீடு கிடைச்சா இரு. கிடைக்கலைன்னா கிளம்பு."

வேலை கிடைத்தது, விசா கிடைத்தது, ஒரு கதவும் பூட்டும்தான் கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர், குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாது என்றார். வட்டாரப் பள்ளியில் அதற்காகவே பரிசு வாங்கியவள் அவள். இன்னொருவர், மசாலா வாசம் சுவரில் ஏறினால் இறங்காது என்றார். ஓர் அம்மாள், "எனக்கு ஒண்ணுமில்லை, கீழ்வீட்டுக்காரங்கதான் பயப்படுவாங்க" என்றாள். அந்தக் கீழ்வீடு நெடுநாளாகக் காலி என்று பிறகு தெரிந்தது.

குவாபரா ஜன்னல் பக்கம் பார்த்தான். அப்புறம் மேஜையின் கடைசி இழுப்பறையை இழுத்து, கோப்பு ஒன்றை எடுத்தான்.

"ஒரு வீடு இருக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கம். தெற்குப் பார்த்த பால்கனி. ஆனா முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு..."

"வெளிநாட்டுக்காரங்களுக்குத் தருவாங்களா?"

"தருவாங்க."

"அப்பச் சொல்லுங்க."

சொன்னான். முன்பு குடியிருந்தவர் சுகியூரா என்ற பெரியவர். தனி ஆள். கோடைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். கதவைத் திறந்து பார்க்கச் சில நாள் ஆகிவிட்டது. அதற்கென்றே இருக்கும் ஆட்களை வைத்துச் சுத்தம் செய்து, தரையெல்லாம் மாற்றியாயிற்று. இருந்தாலும் வருகிறவரிடம் சொல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது.

"பயமா இருந்தா வேண்டாம்," என்றான் அவசரமாக.

"நான் முதியோர் இல்லத்துல வேலை பார்க்கறேன், குவாபரா சான். எங்க இல்லத்துல கட்டில் எப்படிக் காலியாகும்னு நினைச்சீங்க?"

அவன் நிவா அம்மாளுக்கு, அதாவது அந்த வீட்டுக்காரிக்கு, போன் போட்டான். பேசப்பேச அவன் முதுகு நிமிர்ந்தது. அவள் ஊகித்தது சரிதான். அப்படித்தான் இருந்தது.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம்," என்றான். "ரெண்டு வருஷம் ஆனதும் தானா முடிஞ்சிடும். அப்புறம் வேணும்னா புதுசா எழுதறதைப் பத்தி அப்பப் பேசிக்கலாம்."

அப்போது என்பது எவ்வளவோ தூரத்தில் இருந்தது. ஜெனிஷா கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவிடம் சொன்னதுதான் பெரிய பாடாகிவிட்டது.

"செத்தவன் வீடா?" என்றார் தில்மான்.

"அவர் வீடு இல்லப்பா, நிவா அம்மா வீடு. அவர் வாடகைக்கு இருந்தார்."

"நாள்கணக்குல கிடந்திருக்கான். கொள்ளி வைக்க, தண்ணி விட யாரு இருந்திருப்பா? அந்த ஆத்மா எங்கே போகும்?"

"ஜப்பான் ஆத்மாதானேப்பா. வரிசையில நின்னு ஒழுங்காப் போயிருக்கும்."

தில்மானுக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் ஏறும் நாள் காலையில் ஊரிலிருந்து வந்த தூபத்தை ஒரு தட்டில் புகையவைத்து, புது வீட்டின் மூலைமூலையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து நிவா அம்மாள் படியேறி வந்து நின்றாள். குட்டை உருவம், நரைமுடிக்கு லேசான ஊதாச் சாயம், கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். வீடெல்லாம் புகை. முதல் நாளே வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று ஜெனிஷா அவசரமாகக் கையால் புகையை விசிறினாள்.

நிவா அம்மாள் மூக்கைத் தூக்கி ஒரு முறை இழுத்தாள். "நல்லாப் போடுங்க," என்றாள். "அந்தக் குளியலறைப் பக்கமும் கொஞ்சம் காட்டுங்க."

மகள் அதை மொழிபெயர்த்ததும் தில்மானின் கண் நிறைந்துவிட்டது. "இந்த அம்மா மனுஷி இல்லைடி, தெய்வம்," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

தெய்வமோ இல்லையோ, அப்படி ஒரு வீட்டுக்காரியை ஜெனிஷா கேள்விப்பட்டதே இல்லை. வாரம் தவறாமல் வருவாள். வரும்போதெல்லாம் கையில் ஏதாவது இருக்கும்.

"ராத்திரி நல்லாத் தூக்கம் வருதா? ஒண்ணும் சத்தம் கித்தம் இல்லையே?"

"நல்லாத் தூங்கறேம்மா."

"இதை நாலு பேர் கேக்கறாப்பல சொல்லு. படிக்கட்டுல யாரையாவது பார்த்தா நீயாப் பேச்சுக் கொடு. துணியை ஏன் உள்ளே காயப்போடறே? அந்தச் சிவப்புச் சட்டை எவ்வளவு அழகா இருக்கு. தெருப்பக்கமா, பால்கனியில போடு."

"சமைச்சா வாசம் வெளியே போகுமேன்னு ஜன்னலைச் சாத்தியே வெச்சிருக்கேன்."

"ஐயோ, திற. நல்லாத் திற. வீடுன்னா வாசம் வரணும். ஆள் இருக்காங்கன்னு தெரியணுமில்ல?"

ஜெனிஷா அன்றைக்கே ஜன்னலைத் திறந்து, கடுகு எண்ணெயில் வெந்தயம் பொரித்து, ஆட்டுக்கறி வைத்தாள். எட்டு வருஷமாக இந்த ஊரில் மூச்சைக்கூட அளந்து விட்டவள் அவள். ரயிலில் அப்பா ஊர்ப்பேச்சுப் பேசினால் முழங்கையால் இடித்து அடக்குவாள். பள்ளிக்குக் கொண்டுபோகும் சோற்றைப் புத்தக அட்டைக்குப் பின்னால் மறைத்துத் தின்பாள். இப்போது ஒரு ஜப்பானிய அம்மாள் வந்து, வாசம் வரட்டும், வெளிச்சம் தெரியட்டும், துணி பறக்கட்டும் என்கிறாள். என்னை ஒருத்திக்காவது பிடித்துவிட்டது என்று ஜெனிஷா நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

பலனும் தெரிந்தது. மாடிப்படி வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைக் கடந்துபோன கீழ்வீட்டு ஹியோகி அம்மாள், மெல்ல மெல்ல நின்று வணக்கம் சொல்லத் தொடங்கினாள். ஒரு நாள், "உன் கறி வாசம் வந்தா எங்க வீட்டுக்காரர் சோறு கூடுதலாக் கேக்கறார்" என்றுகூடச் சொன்னாள். காலியாகக் கிடந்த பக்கத்து வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஆள் வந்தது.

செத்த பெரியவரும் தொந்தரவு ஒன்றும் செய்யவில்லை. ஜெனிஷாதான் அவருக்குத் தொந்தரவாக இருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது, "சுகியூரா தாத்தா, போயிட்டு வரேன். யாராவது கதவைத் தட்டினா நான் இல்லைன்னு சொல்லிடுங்க" என்பாள். காலி வீட்டில் பேசுவதற்கு அதுவும் ஓர் ஆள்.

இல்லத்தில் அவளோடு வேலை பார்த்த தீரி என்ற பர்மியப் பெண் அடிக்கடி வந்து போனாள். தீரிக்கு அடுக்குக் கட்டில் போட்ட விடுதியில் மேல்தட்டு. உட்கார்ந்தால் தலை இடிக்கும். இங்கே வந்தால் தரையில் கைகால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "கூரை எவ்வளவு உயரத்துல இருக்கு, பாரு" என்பாள்.

இரண்டாவது வருஷம் இலையுதிர் காலத்தில் பக்கத்து வீடு காலியானது. ஜெனிஷா ஓடாத குறையாக நிவா அம்மாளிடம் போனாள்.

"அம்மா, என் தோழி தீரிக்கு வீடு வேணும். தங்கமான பொண்ணு. என்னைவிட அமைதி. பக்கத்து வீட்டை அவளுக்குக் கொடுங்களேன்."

நிவா அம்மாள் அப்போது பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். விடுவதை நிறுத்தவில்லை.

"பக்கத்து வீடா? அது முடியாதேம்மா. அது சாதாரண வீடு."

"அதாவது?"

"அதாவது... அதுல ஒண்ணும் நடக்கலையே. சாதாரண வீடுதானே." அவள் குரலில் கெடுதலே இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். "அதை உங்க ஆளுங்களுக்குக் கொடுத்தா மத்தவங்க கேப்பாங்க. நீ பழம் எடுத்துக்கிட்டுப் போ."

பழத்தை வாங்கிக்கொண்டு படியேறும்போதுதான் அது ஜெனிஷாவுக்கு உறைத்தது. தன் கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே நின்று இரண்டையும் பார்த்தாள். ஒரே நிறம், ஒரே பூட்டு, ஒரே மாதிரி அழைப்பு மணி. ஒன்று சாதாரண வீடு. இன்னொன்று அவளுக்குக் கிடைத்த வீடு.

தீரியிடம், "ஏற்கெனவே யாரோ எடுத்துட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

குளிர் விடுகிற நேரத்தில் நிவா அம்மாள் பெரிய கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு வந்தாள். உள்ளே வந்து முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். கையைத் தரையில் ஊன்றி நன்றாகக் குனிந்து வணங்கினாள்.

"ரொம்ப நல்லா வெச்சுக்கிட்டே, ஜெனி சான். உன்னாலதான் இந்த வீடு பிழைச்சது."

"என்னம்மா இதெல்லாம், எழுந்திருங்க."

"மார்ச் மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு."

"ஆமாம்மா. புதுசு எழுத எப்ப வரட்டும்?"

நிவா அம்மாள் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "முடியுதும்மா," என்றாள்.

மறுநாள் ஜெனிஷா குவாபராவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்? வாடகை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கேனா?"

"தப்பெல்லாம் இல்லை, புன் சான். நீங்க ஒரு குறையும் வைக்கலை. அதான்..." பேனாவை உருட்டினான். "ஒரு வீட்டுல அந்த மாதிரி ஆயிடுச்சுன்னா, அதுக்கு அடுத்து வர்றவங்ககிட்டச் சொல்லியாகணும். வாடகை இறங்கிடும். நடுவுல ஒருத்தர் நல்லபடியா குடியிருந்துட்டுப் போயிட்டா, அதுக்கப்புறம் வர்றவங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு வீட்டுக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. எல்லாரும் இல்லை. சில பேர்."

"அந்த நடுவுல ஒருத்தர் நான்."

"அப்படிச் சொன்னா கொஞ்சம் கடுமையாத் தெரியுது."

ஜன்னலைத் திற, துணியைத் தெருப்பக்கம் போடு, நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லு. ஒவ்வொன்றாக ஜெனிஷாவின் காதில் திரும்ப ஒலித்தது. அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் அழப் போகிறாள் என்று நினைத்தோ என்னவோ குவாபரா அவசரமாக முகத்தை மலர்த்திக்கொண்டான்.

"ஆனா நீங்க இனிமே வீட்டுக்காக அலையவே வேண்டாம். நிவா அம்மா மத்த வீட்டுக்காரங்ககிட்ட உங்களைப் பத்தி அவ்வளவு உயர்வாப் பேசியிருக்காங்க. இப்பவே ரெண்டு பேர் உங்களைத்தான் வேணும்னு கேக்கறாங்க. உங்க தோழி யாரோ இருக்காங்கன்னு நிவா அம்மா சொன்னாங்க, அவங்களுக்கும் ஒண்ணு பார்த்துடலாம்."

"எந்த மாதிரி வீடு?"

"ஒண்ணு குளியல் தொட்டியில. வயசானவங்க, வழுக்கி விழுந்து. இயற்கைன்னே வெச்சுக்கலாம்."

"இன்னொண்ணு?"

"அது... தூக்கு. ஆனா ரொம்பப் பெரிய வீடு."

முதல் தடவையாக அவளைத் தேடி வீடு வருகிறது. எத்தனை பேர் செத்தாலும் அவளுக்கு இனி இடத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பிணத்திலிருந்து அடுத்த பிணத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். முப்பது வயதுக்குள் நகரத்தில் பாதி வீட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிடலாம்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. அப்புறம் சனிக்கிழமை உங்க வீட்டைப் பார்க்க ஆள் வர்றாங்க. மியே பக்கத்துலேர்ந்து அம்மாவும் பொண்ணும். பொண்ணு இங்கே கல்லூரியில சேருது. அந்த நேரம் நீங்க வெளியே எங்கயாவது போயிட்டா நல்லது. அந்த மசாலா டப்பா எல்லாம் கண்ணுல படாம எடுத்து வெச்சுட்டீங்கன்னா..."

சரி என்றுதான் சொன்னாள். மனதிலும் சரி என்றுதான் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் குளியல் தொட்டி வீடும் போய்விடும், தூக்கு வீடும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தீரியிடம் சொன்னபோது அவள் குளியல் தொட்டியை உடனே பிடித்துக்கொண்டாள். "நான் தொட்டிக்கு வெளியில நின்னே குளிச்சுக்கறேன். அடுக்குக் கட்டில் போதும்டி எனக்கு" என்றாள்.

சனிக்கிழமை வந்தவர்கள் முந்தின ரயிலைப் பிடித்துவிட்டார்கள். ஜெனிஷா மஞ்சள் டப்பாவை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோதே குவாபராவும் நிவா அம்மாளும் முன்னே வர, தாயும் மகளும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். நிவா அம்மாளின் முகம் ஒரு கணம் கோணி, அப்புறம் சரியானது. "இவங்க இப்பக் கிளம்பிடுவாங்க" என்றாள்.

தாய், கைப்பையிலிருந்து தன் வீட்டு மென்செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சமையலறைப் பக்கம் வந்ததும் மூக்கு சுருங்கியது. குவாபராவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். அடுப்படியில் நிற்பவளுக்கு மொழி புரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இதுல வெளிநாட்டு ஆளா இருந்தாங்க? முன்னாடியே சொல்லலையே நீங்க."

"சுவர்க் காகிதம், தரை, எல்லாத்தையும் மாத்திடுவோம்," என்று நிவா அம்மாள் முந்திக்கொண்டாள். "யாருமே இருந்ததில்லைங்கற மாதிரி பண்ணிடுவோம்."

"அந்த வாசம் லேசுல போகாதாமே. எங்க தங்கச்சி வீட்டுல பட்டாங்க." கதவு நிலையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "வாடகையில ஏதாவது குறைக்க முடியுமா?"

"அதைப் பேசிக்கலாம். நிச்சயமாப் பேசிக்கலாம்."

"இவங்களுக்கு முன்னாடியும் இப்படித்தானா?"

"இல்லவே இல்லை. முன்னாடி இருந்தவர் நம்ம ஆளு, ஒரு பெரியவர். அவ்வளவு அமைதி. இருக்கறதே தெரியாது."

"அப்பப் பரவாயில்லை," என்றாள் அந்தத் தாய். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது அவள் முகம்.

ஜெனிஷா கையில் கட்டிய உறையோடு நின்றாள். தரைக்கு அடியில் ஊறிக் கிடந்த ஒரு மனிதனின் வாடையைப் போக்க அவளுடைய கறி வாசத்தைக் கூப்பிட்டார்கள். அந்த வாடை போய்விட்டது. இப்போது அவள் வாசத்தைப் போக்க வாடகையைக் குறைக்கிறார்கள். செத்தவரை அவள் கழுவிவிட்டாள். அவளைக் கழுவ இன்னும் எத்தனை வருஷமோ, யார் வந்து குடியிருக்க வேண்டுமோ.

பால்கனியில் எட்டிப் பார்த்துவிட்டு மகள் உள்ளே வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். சொந்தமாக ஒரு சாவி கிடைக்கப் போகிற சந்தோஷம் அவள் நடையிலேயே தெரிந்தது. ஜெனிஷாவைப் பார்த்து மரியாதையாகத் தலைகுனிந்தாள். அவளுக்கு அம்மாவின் புத்தி இன்னும் வரவில்லை.

"ரயில் சத்தம் கேக்குமா இங்கே?" என்று கேட்டாள்.

"ஜன்னல் திறந்தா கேக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்," என்றாள் ஜெனிஷா, அச்சு அசல் நகோயாப் பேச்சில். தாய் சட்டென்று திரும்பினாள்.

"நல்ல வீடா?" என்றாள் மகள்.

"ரொம்ப நல்ல வீடு. காலையில வெயில் கால் வரைக்கும் வரும். சுகியூரா தாத்தாவும் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டார்."

"அது யாரு?"

"ஜெனி சான்," என்றாள் நிவா அம்மாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவர். இருக்கறதே தெரியாதுன்னு அம்மா சொன்னாங்களே, அவர்தான். இங்கேயே இறந்துட்டார். நீங்க நிக்கற இடத்துக்குக் கொஞ்சம் இடது பக்கம். யாரும் வந்து பார்க்கச் சில நாள் ஆயிடுச்சு. அதுவும் கோடைக்காலத்துல."

மகள் வலது பக்கமாக ஓரடி எடுத்து வைத்தாள். தாய் குவாபராவைப் பார்த்தாள். குவாபரா தரையைப் பார்த்துக் குனிந்தான். அப்புறம் இன்னொரு முறை குனிந்தான். அது போதுமாக இருந்தது.

அவர்கள் போன வேகத்தில் தாயின் மென்செருப்பு ஒன்று வாசலிலேயே தங்கிவிட்டது. குவாபரா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். நிவா அம்மாள் மட்டும் அறை நடுவில் நின்றாள்.

"என் பொண்ணு மாதிரி வெச்சுக்கிட்டேனே உன்னை. பழம் கொண்டாந்து கொடுத்தேன். ஒரு நாள் ஒரு வார்த்தை கோபமாப் பேசியிருக்கேனா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன்?"

"ஜன்னலைத் திறந்து கறி வைன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த வாசத்துக்கு இன்னைக்கு வாடகையைக் குறைக்கறேங்கறீங்க. எனக்காகக் குறைக்கறதுன்னா தாத்தாவுக்காகக் குறைச்சுட்டுப் போங்களேன். அவர்தானே உங்க ஆளு."

உண்மையைச் சொல்லிவிட்ட பெருமை எதுவும் ஜெனிஷாவுக்கு இல்லை. உண்மைக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு எதுவும் அவள் கையில் இல்லை, அதனால் எடுத்து வீசினாள்.

குவாபரா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். "அந்தம்மா இணையத்துல எழுதிடுவாங்க, நிவா சான். கீழேயே போனை எடுத்துட்டாங்க. இந்த மாதிரி வீடுகளை அடையாளம் போட்டுக் காட்டற வரைபடமெல்லாம் இருக்கு. ஒரு தடவை ஏறிட்டா அவ்வளவுதான்."

"இனிமே யாரு வருவா இந்த வீட்டுக்கு?" என்று நிவா அம்மாள் அவனிடம் கேட்டாள்.

"நான்தான் இருக்கேனே," என்றாள் ஜெனிஷா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆனா இந்த ரெண்டு வருஷக் கணக்கு வேண்டாம். கீழ்வீட்டு ஹியோகி அம்மாவுக்கு எந்த ஒப்பந்தமோ, அதே ஒப்பந்தம் எழுதுங்க."

அந்த ஒப்பந்தம் எழுதிவிட்டால் வாடகை ஒழுங்காக வரும்வரை வீட்டுக்காரி நினைத்தாலும் அவளை எழுப்ப முடியாது. அது நிவா அம்மாளுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஒரு பேச்சும் இல்லை. ஜெனிஷா வேலைக்குப் போய் வந்துகொண்டே பெட்டி கட்டினாள். முதலில் பாத்திரங்கள், அப்புறம் குளிருடைகள். கடைசியில் படுக்கையும் அடுப்பும் மட்டும் மிஞ்சின. மார்ச் முடிய இன்னும் ஒரு வாரமும் இல்லை என்கிற நிலையில் குவாபரா கூப்பிட்டான்.

"வீட்டைப் பார்க்க யாருமே வரலை. நிவா அம்மா சரின்னுட்டாங்க. முத்திரையை எடுத்துக்கிட்டு வாங்க."

அலுவலகத்தில் நிவா அம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்தினாள். ஊதாச் சாயம் வெளுத்து அடிநரை தெரிந்தது.

"நீ இப்படிக் கல்நெஞ்சுக்காரியா இருப்பேன்னு நான் நினைக்கலை," என்றாள் கடைசித் தாளில்.

"நானும் நினைக்கலைம்மா," என்றாள் ஜெனிஷா.

நிவா அம்மாள் முதலில் எழுந்து போய்விட்டாள். ஜெனிஷா தாள்களை மடித்துக்கொண்டே, "தீரியோட வீட்டுக்கு எப்ப வரச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

குவாபரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அது இப்ப இல்லை, புன் சான். உங்க விஷயம் வீட்டுக்காரங்க எல்லார் காதுக்கும் போயிடுச்சு. அந்த மாதிரி வீட்டைக்கூட இனிமே வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கறதா இல்லையாம். வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டாங்கன்னு பேச்சாயிடுச்சு."

தீரியிடம் இதை இல்லத்தின் சலவை அறையில் வைத்துச் சொன்னாள். தீரி ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனை ஜெனிஷாவின் கையில்.

"குளியல் தொட்டியும் போச்சா?"

"போச்சு."

"உனக்கு உன் வீடு கிடைச்சுதில்ல?"

"கிடைச்சுது. நீ என்கூட வந்து இருந்துடு, தீரி."

"ஒப்பந்தத்துல எத்தனை பேர்னு போட்டிருக்கு?"

ஒருவர் என்றுதான் போட்டிருந்தது.

"இழுத்துப் பிடி, சுருக்கம் விழுது," என்றாள் தீரி. இருவரும் விரிப்பை இழுத்து மடித்தார்கள். தீரி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் பிறந்ததும் ஜெனிஷாவின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது ஜன்னலைச் சாத்தி வைக்கவும், துணிகளைத் தெருப்பக்கம் தெரியும்படி உலர்த்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஹியோகி அம்மாளும் படிக்கட்டில் நிற்பதை விட்டுவிட்டாள். அடங்கிக் கிடந்த சங்கதியைத் தோண்டி எடுத்துக் கட்டடத்துக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவள் என்று அவளுக்குக் கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தில்மான் ஊரிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கோழி கூவியது. தம்பி ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.

"ஒப்பந்தம் என்னாச்சு? எழுதிட்டாங்களா?"

"எழுதியாச்சுப்பா. இந்தத் தடவை முடிவு தேதியே கிடையாது. நானாப் போனாத்தான் உண்டு."

தில்மான் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் சொல்வது கேட்டது. அக்கம்பக்கம் யாரோ இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் சொன்னார். குரல் பெருமையில் நடுங்கியது.

"நான் அன்னைக்கே சொன்னேன், அந்த அம்மா தெய்வம்னு. பார்த்தியா, நாம நல்லபடியா நடந்துக்கிட்டா யாரும் நம்மளை வெளியே போகச் சொல்ல மாட்டாங்க."

ஜெனிஷா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஆமாம்ப்பா," என்றாள்.